செருப்பில்லாத பானுமதி

பாலக்கரை, திருச்சி
8 ஜனவரி 2024

அன்புப் பானு,

நலம்தானே? கணுக்கால் எப்படி இருக்கிறது? விளையாட்டு விடுதியில் போனை வாங்கி வைத்துக்கொள்வதால்தான் உனக்குக் கடிதம் எழுதும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது. கல்லூரியில் மூன்று வருடமும் பேசியே தீர்த்துவிட்டோமே.

விளையாட்டுக் கட்டுரை எழுதித்தான் பிழைப்பேன் என்று சொன்னதிலிருந்து அத்தா என்னைப் பார்த்தாலே கடைக்குக் கிளம்பிவிடுகிறார். நானும் ட்விட்டரில் பத்திரிகை ஆசிரியர்களைத் தேடித்தேடி மெசேஜ் அனுப்புகிறேன். பார்த்துவிட்டார்கள் என்று காட்டும், பதில் வராது. ஒருவர் மட்டும், "கட்டுரை வேண்டாம், பிட்ச் அனுப்புங்க" என்றார். கபடிக்குப் பிட்ச் கிடையாதே சார் என்று பதில் போட்டுவிட்டேன். அதோடு அவர் காணாமல் போய்விட்டார். எழுதப்போவதை நாலு வரியில் சொல்லி ஆசையைக் கிளப்புவதற்குத்தான் அந்தப் பெயராம். எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

அம்மா கேட்கிறார்: "முன்னப் பின்னத் தெரியாத ஆம்பளைங்களுக்குக் காலையிலேர்ந்து என்னத்தடி அனுப்பிக்கிட்டிருக்க?"

பொங்கலுக்கு உங்கள் ஊர் முசிறியில் நீ கபடி ஆடுவதைப் பார்க்க வருகிறேன்.

உன்
மெஹ்ரீன்

—

திண்டுக்கல்
22 ஜனவரி 2024

மெஹ்ரீனுக்கு,

நீ ஆட்டம் பார்க்க வந்ததற்கு நன்றி சொல்லமாட்டேன். சொன்னால் அடிப்பாய்.

எல்லாரும் புள்ளிக்காகக் கத்தும்போது நீ மட்டும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாயாம். "அப்பா, இடது கால முன்ன வச்சுப் போறா பாருங்க" என்று சொன்னாயாம். எங்கள் அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அதையே எழுதேன். வலது கணுக்கால் உடைந்த ஒருத்தி ரெய்டு போவதை முதலிலிருந்து இடது காலால் கற்றுக்கொண்டாள் என்று. எத்தனை முறை விழுந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். உன் நாலு வரிக்கு அது போதாதா?

என் பெயரையே போட்டுக்கொள். அப்பாவும் சரி என்றுவிட்டார்.

பானு

—

பாலக்கரை, திருச்சி
6 பிப்ரவரி 2024

பானுக் கண்ணு,

கிடைத்துவிட்டது. சென்னையில் ஓர் இணைய விளையாட்டு இதழ், ஆசிரியர் பெயர் சவரிநாதன். நாலு வரி அனுப்பினேன். "இது நல்லா இருக்கே, எழுதுங்க" என்று அன்றைக்கே பதில். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன், வேறு யாருக்காவது போட்ட பதிலோ என்று.

உன் காலைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன். மண் களத்தில் நீ பாய்கிற படமும், அப்பா வாழைத்தார் தூக்கி வருகிற படமும் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை வருமாம். அத்தாவே கடையில் ரஃபீக் மாமாவிடம் இதைச் சொல்லியிருக்கிறார்.

மெஹ்ரீன்

—

திண்டுக்கல்
13 பிப்ரவரி 2024

மெஹ்ரீன்,

பயிற்சியாளரின் போனில் படித்தேன். "செருப்பு வாங்கக் காசில்லை, கோப்பை வாங்க வந்தாள்." இதுதான் தலைப்பு. உள்ளே நான் கூலித் தொழிலாளியின் மகள். மண்ணில் யாராவது செருப்புப் போட்டுக் கபடி ஆடுவார்களா? என் கால் எங்கேயோ கடைசியில் இரண்டு வரி.

நேற்று அதே போனில் வீட்டுக்குப் பேசினேன். அப்பா கடைவீதிப் பக்கமே போகவில்லையாம். "ஏன் வீரமல, யாரு தோட்டத்துல கூலிக்குப் போற?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். தாத்தா வைத்த எங்கள் சொந்தத் தோட்டம் அது. அப்பா என்னிடம் கோபப்படவில்லை. "அந்தப் பொண்ணா அப்படி எழுதுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

நீயா எழுதினாய்?

பானுமதி

—

பாலக்கரை, திருச்சி
17 பிப்ரவரி 2024

பானு,

நான் எழுதவில்லை. நான் அனுப்பியதை அப்படியே இத்துடன் வைத்திருக்கிறேன், படித்துப் பார்.

சவரிநாதன் சாரைக் கூப்பிட்டேன். "நீங்க எழுதினது நல்லாத்தாங்க இருக்கு. ஆனா காலப் பத்தி யாரு படிப்பா? படத்துல செருப்பு இல்ல, அதத்தான் சொன்னோம்" என்றார். அவர்களுக்குச் சொந்தத் தோட்டம் இருக்கிறது சார், திருத்துங்கள் என்றேன். "ஒரு லட்சம் பேர் படிச்சிருக்காங்கம்மா. இப்பப் போய் மாத்தினா யாரும் நம்பமாட்டாங்க. அடுத்த போட்டிக்கும் நீங்களே எழுதுங்க" என்றார். அன்பாகத்தான் பேசினார். அதுதான் குழப்பமாக இருந்தது. தப்பு செய்கிறவர் அதட்டுவார் என்று நினைத்திருந்தேன்.

என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டேன். "அவ அப்பா மொகத்த நீ இனிமே எப்படிப் பாப்ப?" என்றார்.

இன்று காலை ட்விட்டரில் நானே எழுதிப் போட்டுவிட்டேன். பானுமதியின் தகப்பனார் சொந்த நிலத்தில் வாழை வைக்கும் விவசாயி, கட்டுரையில் இருப்பது நான் எழுதியது அல்ல என்று. மத்தியானம் சவரிநாதன் என்னை பிளாக் செய்துவிட்டார். போகட்டும். நீ பேசினால் போதும்.

மெஹ்ரீன்

—

திண்டுக்கல்
17 பிப்ரவரி 2024

மெஹ்ரீன்,

அவசரமாக எழுதுகிறேன். போன கடிதத்தை மறந்துவிடு.

அந்தக் கட்டுரையைப் பார்த்து ஓர் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் நேற்று விடுதிக்கே வந்தார்கள். வசதியில்லாத வீராங்கனைகளை எடுத்து பெங்களூரில் இரண்டு வருடம் பயிற்சி தருவார்களாம். வாழ்நாளில் ஒருமுறை வருகிற வாய்ப்பு என்கிறார் பயிற்சியாளர். அப்பாவிடம் சொன்னேன். "உனக்கு நல்லதுன்னா நான் கூலியாவே இருந்துட்டுப் போறேன்" என்றார். அழுகையாக வந்தது.

இது சரியா தப்பா, தெரியவில்லை. நீ எதையும் திருத்தச் சொல்லாதே. அப்படியே விட்டுவிடு.

பானு

—

பாலக்கரை, திருச்சி
20 பிப்ரவரி 2024

பானு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. நீ இதை எழுதிய அன்று காலையே நான் போட்டுவிட்டேன்.

எடுத்துவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் பலர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். உங்கள் ஊரிலிருந்து ஒருவர் அப்பாவின் பெயரைப் போட்டு, எங்கள் வீரமலை அண்ணன் என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்தபின் எடுக்கக் கை வரவில்லை. எடுத்திருக்க வேண்டுமா? கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். அது மட்டும் தெரிகிறது.

என்ன ஆனது என்று ஒரு வரி எழுது.

மெஹ்ரீன்

—

திண்டுக்கல்
4 மார்ச் 2024

மெஹ்ரீனுக்கு,

அறக்கட்டளைக்காரர்கள் கூப்பிட்டு, உங்களுக்கு நிலம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். அப்படியானால் முடியாது, மன்னித்துக்கொள்ளம்மா என்று மரியாதையாகத்தான் போனை வைத்தார்கள்.

அப்பா மறுபடி கடைவீதிக்குப் போகிறார். நீ எழுதிப் போட்டதை டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினாராம். "அந்தப் பொண்ணு என் தோட்டத்த எனக்குத் திருப்பிக் குடுத்துருச்சு" என்று என்னிடமே சொல்கிறார். எனக்குப் போனது என்ன என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

அந்த இடம் என் பக்கத்துக் கட்டில் வேலம்மாளுக்குக் கிடைத்திருக்கிறது. வையம்பட்டிப் பக்கத்து ஊர், அப்பா அம்மா இரண்டு பேரும் உண்மையிலேயே கூலிக்குப் போகிறவர்கள். நேற்று அவள் பெட்டியை நான்தான் அடுக்கிக் கொடுத்தேன். சந்தோஷப்பட்டேனா என்று கேட்காதே. துணிகளை மடித்தேன், அவ்வளவுதான் தெரியும்.

கிளம்பும்போது, "அக்கா, உங்க ஃபிரண்டு என்னப் பத்தியும் எழுதுவாங்களா?" என்று கேட்டாள். எழுதுவாள் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் விளங்கவில்லை. அவளுடைய பெங்களூர் முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. ரெய்டு வருகிறவளின் கணுக்காலை அவள் பிடித்துவிட்டால் யாரும் தப்ப முடியாது. முதலில் அதைக் கேள். வீட்டைப் பற்றி அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள். அச்சுக்குப் போகுமுன் அவளுக்குப் படித்துக் காட்டு.

எனக்குக் கொஞ்ச நாள் எழுதாதே. கோபம் இல்லை என்று எழுதிப் பார்த்தேன், அது பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். தீர்ந்ததும் நானே எழுதுகிறேன்.

அம்மாவுக்கும் அத்தாவுக்கும் என் வணக்கம்.

பானு