அம்மா அடைத்த ஆறு ஓட்டைகள்

விஷெக், வடக்கு டகோட்டா
மார்ச், 1994

அன்புள்ள மகள் கொரீனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் டிங்கரும் நலம். போன மாதமென்றால் நாயைப் பற்றி இந்த வரியை எழுதியிருக்க முடியாது, அதைப் பின்னால் சொல்கிறேன், பயப்படாதே. நீயும் மாப்பிள்ளை டேலும் ஜோலீன் குட்டியும் அந்த அலாஸ்காக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். குழந்தைக்குப் பல் வந்ததைப் படித்தேன், கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கும், பார்த்துக்கொள். இங்கே வேலிக் கம்பி வரை இன்னும் பனி கிடக்கிறது, மாடுகள் ஈனத் தொடங்கிவிட்டன. சர்ச்சுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு கூகன் ரொட்டி சுட்டுக் கொண்டுவருகிறார்கள், மனைவியை இழந்தவனுக்கு இனிப்பு ரொட்டி தவிர வேறு எதுவும் இறங்காது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. நானும் தின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

ஈஸ்டருக்குக் குழந்தையோடு வருவதாகவும், பிஸ்மார்க் விமான நிலையத்துக்கு டிரக்கை எடுத்து வரும்படியும் எழுதியிருந்தாய். அந்த டிரக்கைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். கொரீன், உன் அம்மா இந்தக் குளிர்காலம் முழுவதும் அந்த வண்டியில் என்னோடு வந்தாள். அப்பனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்காமல் மேலே படி. குளிர் இறங்கி, கண்ணாடியை ஏற்றி ஹீட்டரைப் போட்டு ஓட்டத் தொடங்கிய அன்றே ஆரம்பித்தது. நடு இருக்கையில், என் தோளை ஒட்டி, அவள் பின்னல் ஊசிகள் டிக் டிக்கென்று மோதிக்கொள்ளும் சத்தம். வேகத்தைக் கூட்டினால் ஊசியும் வேகமாக ஓடும். உயிரோடு இருந்தபோதும் அவள் அப்படித்தானே செய்வாள், நான் விரட்டி ஓட்டினால் வாயைத் திறக்காமல் படபடவென்று பின்னுவாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் கம்பளிக் கோட்டின் வாசனை வரும், ஓரக்கண்ணில் அந்த நீலத் தலைத்துணி தெரியும். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, அதனால் நான் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். டவுனில் ஒரு வேலையும் இல்லாமலே டவுனுக்குப் போனேன். வீட்டுக்குத் திரும்பினால் தலை வெடித்துவிடும் போல் வலிக்கும், அழுத தலைவலி என்று நினைத்துக்கொண்டேன்.

டிங்கரும் ஜன்னலோரமாக ஒடுங்கி நடு இடத்தைக் காலியாக விட்டுவிட்டுத்தான் உட்காரும், அதனால் அதற்கும் அவள் தெரிகிறாள் என்றே நம்பினேன். அப்புறம் ஒரு நாள் மைலோ வென்ட்ஸ் பட்டறை முன்னால் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேன், நாய் மூட்டை போலப் பனியில் விழுந்தது. எழுந்திருக்கப் பார்த்தது, கால் நிற்கவில்லை. மைலோ ஓடி வந்து அதைத் தூக்கிக் காற்றுப் படும் இடத்தில் கிடத்திவிட்டு என்னைப் பார்த்து, "உன் மூஞ்சி ஏன்டா இப்படிச் செவந்து கெடக்கு? தலை வலிக்குதா?" என்றான். குளிர்காலம் பூராவும் வலிக்கிறது என்றேன். அவன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே போய் பானெட்டைத் திறந்தான்.

உனக்கு நினைவிருக்கும், நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு அறுவடை நடுவில் அந்த டிரக்கில் காற்று பம்பு இறுகிப் பெல்ட்டை அறுத்துவிட்டது. புகையைக் குறைப்பதற்காக வைத்த பம்பு அது, அதிலிருந்து ஆறு குழாய் கிளம்பி மேனிபோல்டுக்குள், அதாவது எஞ்சின் புகை முதலில் வந்து சேரும் அந்த இரும்புக் கூட்டுக்குள் போகும். எனக்கு ஸ்பானர் எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது, உன் அம்மாதான் எல்லாவற்றையும் கழற்றிக் கொட்டகையில் எறிந்தாள். குழாய் போனதும் ஆறு ஓட்டைகள் மிச்சம். கிணற்றுக் குழாய்க்கு வாங்கி மீந்துபோன பித்தளை அடைப்பான்களை அதில் முறுக்கிவிட்டு, "இப்போதைக்கு இது போதும் ரூபன், கோதுமை வீடு வந்து சேரட்டும், இரும்புல வாங்கிப் போட்டுக்கலாம்" என்றாள். கோதுமை வந்து சேர்ந்தது, அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் வந்து சேர்ந்தது, இரும்பு அடைப்பானை இரண்டு பேருமே மறந்துபோனோம். அந்தச் சூட்டுக்குப் பித்தளை தாங்காதாம். இரண்டு எப்போதோ தளர்ந்து விழுந்துவிட்டன. அந்த ஓட்டைகளில் இருந்து விட்டு விட்டு அடித்த புகையின் சத்தம்தான் அந்த டிக் டிக். தரைத் தகட்டில் துரு தின்ற இடம் வழியாக அந்த விஷம் எங்கள் காலடியில் ஏறி வந்திருக்கிறது. மூச்சில் அது ஏறினால் தலை வலிக்குமாம், இல்லாததெல்லாம் தெரியுமாம்.

"எந்த மடையன்டா தண்ணிக் குழாய் அடைப்பான எஞ்சின்ல போட்டது?" என்று மைலோ கேட்டான். என் லியோனாதான் என்றேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டான். எனக்கு அடக்க முடியவில்லை, ஊசிச் சத்தம், தலைத்துணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. "அவ ஒன்னத் தேடி வரல ரூபன். நீதான் கொஞ்சம் கொஞ்சமா அவளத் தேடிப் போயிட்டு இருந்திருக்க" என்றான்.

உடனே அடைத்துவிடலாம் என்றான், நான் சம்மதிக்கவில்லை. நாயைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன். வண்டி கொட்டகையிலேயே நின்றது. போய் நடு இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பேன், சாவியைப் போட மாட்டேன். போன செப்டம்பரில் ஒரு தடவை அவளைப் புதைத்தேன், என் கையாலேயே இன்னொரு தடவை புதைக்க வேண்டுமா என்று இருந்தது. உன் கடிதம் வந்ததும்தான், அந்த வண்டியில் ஜோலீன் மூச்சு விடப் போகிறாள் என்பது உறைத்தது. அன்றைக்கே மைலோவுக்குப் போன் செய்தேன்.

விழுந்த இரண்டு இடத்தில் திருகு மரையைச் சுத்தம் செய்து இரும்பு அடைப்பான் போடுவது சுலபமாக முடிந்தது. மிச்சம் நாலும் அம்மா முறுக்கியது, நெருப்பு காட்டி, எண்ணெய் விட்டு, மறுபடி நெருப்பு காட்டித்தான் அசைந்தன. "பொம்பளயா இது, எருமையாட்டம் முறுக்கி வச்சிருக்கா" என்று மைலோ திட்டினான், எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசி ஒன்று மட்டும் வரவே இல்லை. இது கெட்டியாகத்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று கெஞ்சினேன். "இதுவும் ஒரு நாள் விழும், அன்னைக்குக் கொழந்த வண்டிக்குள்ள இருந்தா?" என்றான். ஸ்பானரை வாங்கி நானே திருப்பினேன். இப்போது அந்தப் பித்தளை அடைப்பான் சமையலறை ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. ஆறு ஓட்டையிலும் இரும்பு போட்டு, தரைத் தகட்டுக்கும் புதுத் துண்டு வைத்துப் பற்றவைத்தாயிற்று.

நேற்று எடுத்து ஓட்டினேன். சத்தம் இல்லை, வாசனை இல்லை, தலைவலியும் இல்லை. மேட்டில் வேண்டுமென்றே விரட்டிப் பார்த்தேன், என்னைக் கண்டிக்க ஆளில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். அப்புறம்தான் டிங்கரைப் பார்த்தேன். வண்டிக்குள் ஒரு பொட்டுப் புகை இல்லை. அது இன்னும் ஜன்னலோரமாக ஒடுங்கி, நடு இடத்தைக் காலியாக விட்டுத்தான் உட்கார்ந்திருந்தது.

நீங்களும் குளிருக்காக மூடிய கொட்டகைக்குள் வண்டியை ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள், டேலிடம் நான் சொன்னேன் என்று சொல். குழந்தைக்குக் காது மூடும் தொப்பி எடுத்து வா, இங்கே காற்று வேறு மாதிரி. கடவுள் உங்கள் மூன்று பேரையும் தன் கைக்குள் பத்திரமாக வைத்திருக்கட்டும். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. வண்டியில் ஜோலீனின் குழந்தை நாற்காலியைத் தூக்கி ஜன்னலோரம் கட்டாதே, நடுவில் கட்டு. அம்மா நகர்ந்து இடம் கொடுப்பாள்.

உன் அப்பா,
ரூபன் கெட்டர்லிங்