பேப்பர்ல வந்த பாதை

சேசு மரி சூசை துணை
உடும்பஞ்சோலை ஏலத்தோட்டம்
1926, சித்திரை மாசம்

அண்ணன் பெத்த மகன் பொன்ராஜை மாதா தன் முந்தானைக்குள்ள வச்சுக் காக்கணும்னு அத்தை கத்தரீனாள் எழுதுறது.

நானும் மகளும் உயிரோட இருக்கோம். பாஸ்காவுக்குப் பூசை பாக்கக்கூடக் கங்காணி எறங்க விடல, முன்பணக் கடன் தீரணுமாம். லயத்து வரிசை வீட்டுக்குள்ளயே ஜெபமாலை சொல்லிக்கிட்டோம்.

நீ பட்டாளத்த விட்டு வந்து பேப்பர்ல எழுதுறதையெல்லாம் கணக்கப்பிள்ளைக்குத்தான் இங்க பேப்பர் வரும், அவன வாசிக்கச் சொல்லிக் கேப்பேன். பஸ்ரா பேரீச்சந்தோப்பு பத்தி வந்தப்ப லயமே எச்சி ஊறிக் கெடந்துச்சு. எம்மருமகன்னு சொல்லி நானும் கொஞ்சம் நிமுந்துதான் நடந்தேன்.

போன மாசம் எங்க மலையப் பத்தி எழுதினியே. நீ எங்களப் பாக்க வந்தப்ப நம்ம லயத்துப் பாஸ்கல் ஒன்னக் கூட்டிட்டு எறங்கின வழி, சிலுவை கீறின பாறை, அருவிக்குப் பின்னால ஆள் நுழையிற பொந்து, ஒண்ணு விடல. காலையில ஆள் எண்ணுற எடத்துல கணக்கப்பிள்ளை சத்தமா வாசிச்சான். கத்தரீனா, ஒம்மருமகன் எங்களுக்கு நல்ல ஒத்தாசை பண்ணிட்டாருன்னு சிரிச்சான். அன்னைக்கே அருவிகிட்ட காவல் போட்டாங்க, நாயோட.

அந்த வழியில நாங்க வேடிக்கை பாக்கவாய்யா போறோம்? காய்ச்சக்காரங்களும் புள்ளத்தாச்சிகளும் உயிர் பொழைக்கத் திருட்டுத்தனமா எறங்குற வழி. எதிரிக்குப் பாதை காட்டுனவனச் சுட்டுருவாங்கன்னு பட்டாளத்துக் கதை சொன்னவன் நீதானே.

காவல் போட்ட மறுவாரமே, காய்ச்சக்காரி ஒருத்தியக் கூட்டிட்டுப் போன பாஸ்கல் மாட்டிக்கிட்டான். அவளத் திருப்பிக் கொண்டாந்தாங்க, செத்துட்டா. அடிச்ச அடியில அவனுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. நான் ஒன்ன ஏசினா, அவரு தெரிஞ்சா செஞ்சாருன்னு அவந்தான் என் வாய அடைக்கிறான்.

எம்மக ஞானஜோதி முழுகாம இருக்கா. மூத்தவ போன மழையில இங்க பெத்துட்டுக் காய்ச்சல்ல போனது ஒனக்குத் தெரியும். மழை புடிக்கிறதுக்குள்ள இவள எறக்கியாகணும்.

அதனால திரும்ப எழுது. ஜனங்க இப்பல்லாம் வடக்குச் சரிவுல எறங்குறாங்க, அது இன்னும் அழகான வழின்னு எழுது. அங்க வழியே கெடையாது, வெறும் பாறை. ஆனா ஒன் எழுத்த அவங்க நம்புவாங்க, காவல அங்க மாத்துவாங்க. பொய் எழுத மாட்டேன்னு மட்டும் சொல்லாத ராசா. அந்தப் பாவத்த எம்பேர்ல சேத்துச் சாமியார்கிட்ட நானே சொல்லிக்கிறேன்.

இத உப்பு விக்க வர்ற ஏசுரத்தினம் மடியில வச்சுப் போடிக்கு அனுப்புறேன். பதில் போடாத, தபால இங்க பிரிச்சுப் பாக்குறாங்க. பேப்பர்ல போடு. கணக்கப்பிள்ளையே வாசிக்கட்டும். நான் வரிசையில நின்னு கேட்டுக்கிறேன்.

எழுதுற ஒங் கைக்கு மாதா ஆசீர்வாதம். சீக்கிரம் எழுதுய்யா.

அத்தை
கத்தரீனாள்