சத்தம் வேணாம்

அண்ணே,

காலையில் என் கையிலிருந்து சட்டி மூடி நழுவிச் சிமெந்துத் தரையில் விழுந்தது. நான் மூடியைப் பார்க்கவில்லை, சுவரோரம் திரும்பிப் பார்த்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் நீ அப்படித்தான் சுவரோரம் உட்கார்ந்திருப்பாய். நீ போய் இத்தனை வருஷமாகியும் இந்தப் பழக்கம் போகவில்லை.

நாய் குரைத்தால் விழுவாய், யாராவது தும்மினால் விழுவாய். மயக்கமெல்லாம் கிடையாது, கண் திறந்தே இருக்கும், கால்தான் விட்டுப்போகும். உனக்குப் பேச்சு குறைவு. தெளிவாக வந்தது ஒன்றுதான்: "சத்தம் வேணாம்." லயத்தில் ஒருத்தர் காதிலும் அது ஏறவில்லை.

பேய் என்று முடிவுகட்டி, ஹாலிஎலப் பக்கமிருந்து கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். அவன் உன் காதோரம் உடுக்கை அடித்தான். நீ விழுந்தாய். "பாத்தீங்களா, சாமி சத்தம் கேட்டதும் பேய் எப்படி விழுகுதுன்னு!" என்றான். தூக்கி நிறுத்தி மறுபடியும் அடித்தான், மறுபடியும் விழுந்தாய். நீ விழ விழ அவன் பேர் தோட்டம் முழுக்கப் பரவியது. "சத்தம் வேணாம்" என்று அழுதாய். பேசுவதும் பேய்தான் என்று பிரம்பால் வெளுத்தான். அம்மா கைகூப்பி நின்றாள்.

அந்தத் தீபாவளிக்கு யாரோ கொளுத்திய வெடிக்குக் கல்படியில் தலைகுப்புற விழுந்தாய். பிறகு எழும்பவில்லை. பேய் கொண்டுபோய்விட்டது என்று பேசிக்கொண்டே கலைந்து போனார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அக்காவுக்கு மகன் பிறந்தான். உன்னுடையதைப் போலவே மெத்தென்ற தடித்த கைகள். அவனும் விழத் தொடங்கியதும் பதுளையில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். உடம்புக்குள் கைனேஸ் என்று ஒரு புரதம் இருக்கிறதாம். எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்று ஏவிவிடுவதில் அதற்குப் பங்காம். காலையில் எல்லாரும் கூடும் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆட்களைத் தேயிலை மலைக்கு அனுப்பும் கங்காணி மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். அக்கா மகனைப் போலவே உனக்குள்ளும் அந்தக் கங்காணி பிறவியிலேயே இல்லை.

"திடீர்ச் சத்தம் கேட்டா இந்தப் பிள்ளையள் விழுந்திடுவினம். சத்தமில்லாமப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார்.

நீ சொன்னதையேதான் அவரும் சொன்னார். அம்மா மெல்லக் கேட்டாள்: "அப்ப பேய் இல்லீங்களா, ஐயா?"

எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

கோடாங்கி நன்றாக இருக்கிறான். திருவிழாவில் முதல் மாலை அவனுக்குத்தான். அக்கா வீட்டில் ஒருவரும் குரல் உயர்த்துவதில்லை, பையன் விழுவது குறைந்திருக்கிறது. நீ கேட்டதும் அவ்வளவுதானே.

நான் டவுனில் தனியாக இருக்கிறேன். கதவை இன்னும் மெதுவாகத்தான் சாத்துகிறேன், அண்ணே. விழுவதற்கு இங்கே யாருமில்லை.