புன்னையடித்துறைக்குப் பச்சை நிறம்

பெப். 3, செவ்வாய்

விடியத் தொடங்கின தூறல் இன்னும் விடவில்லை. அச்சுக் கடை வாசலில் வெள்ளம். வேலை: ஹோட்டல்காரரின் வாவி வரைபடம். திரும்பவும் திருத்தம்.

ஹோட்டல் மனேஜர் போனில்: "இங்கிலீஷப் பெருசாப் போடுங்க மிஸ். தமிழ் சின்னனா இருந்தாக் காணும். இங்க உள்ள ஆக்களுக்கு வழி தெரியும்தானே."

இன்னொன்று. புன்னையடித்துறையைப் படத்திலிருந்து எடுக்க வேண்டுமாம். அந்த இடத்தில் கண்டல் மரம், ரெண்டு கொக்கு, பச்சை நிறம். அங்கே தோணிகள் கட்டுகிறார்களே என்றேன். "அது படத்துக்கு வடிவில்ல மிஸ்."

எடுத்தேன். முதுகு வலி. பகல் சாப்பாடு பாண்.

பெப். 5, வியாழன்

வெயில். செல்வராணி அக்கா வந்தார், புன்னையடி மீனவர் சங்கச் செயலாளர். திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் பேனர் வேண்டும். பிரதேச செயலகத்தில். கரையை ஹோட்டலுக்குக் குத்தகைக்குக் கொடுக்கிற பேச்சாம்.

அப்போதுதான் விளங்கியது, என் படம் அந்தக் கூட்டத்தில் காட்டத்தான் என்று. சுற்றுலாக்காரருக்கு என்றல்லவா நினைத்திருந்தேன்.

சுவரில் அதன் மாதிரி ஒட்டியிருந்தது. அக்கா பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னகா இது, எங்கட துறை எங்க?"

பச்சையைக் காட்டினேன்.

"இதுக்குள்ளயா எங்கட தோணியெல்லாம் நிக்கிது?"

ஏசியிருந்தால் பரவாயில்லை. நாளைக்கு வாறன் என்று போய்விட்டார்.

றிஸானா (கடையில் பங்காளி, காத்தான்குடியிலிருந்து வருபவள்): "நாம அடிச்சுக் குடுக்கிற ஆக்கள். கேட்டத அடிக்கத்தானே வேணும்." சரிதான்.

பெப். 6, வெள்ளி

பேனர் செய்யவில்லை. 'எமது கரை எமக்கே' என்று சிவப்பில் எத்தனை அடித்தாயிற்று. கூட்டம் முடிய நெல் மூட்டை மூடத்தான் அது. அதிகாரிகள் பார்ப்பது வரைபடத்தை.

அதனால் வரைபடம். ஹோட்டல் படத்தின் அதே அளவு, அதே எழுத்து, அதே நீலம், மூலையில் அதே திசைகாட்டி. துறை. வலை காயப்போடும் இடம். அந்தோனியார் சொரூபம். தோணிக்குப் போகும் ஒழுங்கை. தமிழ் பெரிதாக.

அக்கா வந்து பார்த்து: "கவுண்மேந்துப் படம் மாதிரியெல்லா இரிக்கி."

"அப்பிடி இருந்தாத்தான் பாப்பாங்க அக்கா."

ஓரம் வெட்டியது றிஸானாதான். என்னை விட நேராக வெட்டுவாள். ஹோட்டல் வேலை இனி வராது, இருவருக்கும் தெரியும்.

பெப். 9, திங்கள்

கூட்டம். பின்வரிசையில் இருந்தேன். புழுக்கம், ஃபேன் சுத்தவில்லை. ரெண்டு படமும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில். அதிகாரி மாறி மாறிப் பார்த்தார்.

"இதில எது சரி?"

மனேஜர்: "எங்கட படம்தான் சார்."

செல்வராணி அக்கா எழும்பினார். "ஐயா, ரெண்டையும் செஞ்சது ஒரே ஆள்தான். அந்தப் பிள்ள பின்னுக்கு இரிக்கி. கேளுங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. எழும்பினேன். "துறை இருக்கு சார். எடுக்கச் சொன்னாங்க, எடுத்தன்." அதிகாரிக்குக் கேட்கவில்லையாம், திரும்பச் சொல்லட்டுமாம். திரும்பச் சொன்னேன். அந்த ரெண்டாம் தரம்தான் கஷ்டம்.

கரையை நேரில் வந்து பார்ப்பாராம். மனேஜர் படியில் என்னைத் தாண்டிப் போனார், முகம் பார்க்காமல். பஸ்ஸில் நின்றபடியே வீடு.

பெப். 12, வியாழன்

தலையிடி. மத்தியானம் அக்காவின் போன். அதிகாரி வந்தாராம். துறையையும் ஒழுங்கையையும் விட்டுவிட்டு மிச்சக் கரை ஹோட்டலுக்கு.

"அப்ப நல்லதுதானே அக்கா?"

"ஓம்... தோணி கட்ட இடம் இரிக்கி. இனி மறுகா என்ன கேப்பாங்களோ."

சந்தோசப்பட வேண்டும். படுத்துவிட்டேன்.

பெப். 17, செவ்வாய்

மனேஜரின் போன். கோபமே இல்லை, அதுதான் ஆச்சரியம். படத்தில் துறையைத் திரும்பப் போட வேண்டுமாம். மேலே 'மீனவர் வாழ்க்கை' என்று தலைப்பு. வலை வீசுகிற ஆள் ஒன்று, தலைப்பாகையோடு. பக்கத்தில் கெமராச் சின்னம். "வெள்ளைக்காரருக்கு நல்ல விருப்பம் மிஸ்."

வேலை வேண்டும்தான். ஆளைப் படத்தில் கீறியும் பார்த்தேன். அந்த ஆள் யாரைப் போலவும் இல்லை.

அக்காவிடம் போனில் கேட்டேன். பின்னால் யாரோ இறால் விலை பேசுகிறார்கள்.

"துறையப் போடு பிள்ள. பேரப் பெருசாப் போடு. எங்களப் போடாத."

ஆளை அழித்தேன், கெமராவையும். துறையின் பெயர் தமிழில், ஹோட்டல் பெயரின் அளவுக்கு. அப்படியே மனேஜருக்கு அனுப்பினேன். பார்த்ததாகக் காட்டுகிறது. கடை அடைக்கும் நேரம், றிஸானா பூட்டோடு வாசலில் நிற்கிறாள்.