அலர்மேல்மங்கையின் பிளேட்

20-1-1960, திருப்பதி
பழைய கிராமபோன் பிளேட்டுகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் துடைத்துக் காயவைத்தேன். திருத்தணி ஏப்ரலில் மதராஸோடு சேர்கிறதாம். அந்தப் பக்கம் வீடு மாற்றிப் போகிறவர்கள் மூட்டையாய் விற்றவை இவை. கரகரத்ததெல்லாம் இப்போது கணீரென்று பாடுகிறது. படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனால் இந்தத் தெருவில் வேறு யாருக்கு இந்தக் கை வரும்?

24-1
சித்தூரிலிருந்து நாகபூஷணம் வந்தார். அவர் மகனுக்குத்தான் பேத்தி சுலோசனாவைப் பேசியிருக்கிறோம். இன்னும் தாம்பூலம் மாற்றவில்லை. என் பெருமை அவர் காதுக்கும் போயிருக்கிறது. கையில் ஒரு பிளேட். காலமான அவர் மனைவி அலர்மேல்மங்கை சின்ன வயதில் பாடிப் பதிந்தது. ஒரே பக்கம்தான் பாட்டு.
"இது ஒண்ணுதான் கீது சம்மந்திம்மா. அவ கொரலு தூசில மாட்டிக்கினு கீது."
"குட்துட்டுப் போங்க. பக்கத்துல குந்திக்கினு பாடற மாதிரி பண்ணித் தரேன்."
வாய் சும்மா இருந்ததா எனக்கு?

27-1
முதலில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில்தான் கழுவினேன். சம்பந்தி வீட்டுப் பொருளுக்கு அது போதுமென்று படவில்லை. பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் அப்பாவு ஸ்பிரிட் கொடுத்தார். அவரிடமுள்ள புதுமாதிரி, உடையாத பிளேட்டை அதில்தான் துடைக்கிறாராம். வெளி ஓரத்திலிருந்து துடைக்கத் துடைக்கத் துணி கறுத்தது. எத்தனை வருஷத்து அழுக்கு என்று சந்தோஷமாய் அழுத்தினேன். விரலில் பிசுபிசுத்தது. அப்புறம்தான் நிறுத்தினேன்.
அழுக்கு இல்லை. அரக்கில் செய்த பழைய பிளேட்டே ஸ்பிரிட்டில் கரைந்து வந்திருக்கிறது.

28-1
முள்ளை வைத்தேன். ஒரே இரைச்சல். உடனே எடுத்துவிட்டேன்.

2-2
சுலோசனாவுக்குத் தெரிந்துவிட்டது.
"கைதவறி ஒடஞ்சிபோச்சின்னு சொல்லிடு ஆயா. யாருக்குத் தெரியும்?"
உடைக்கக்கூடக் கை போனது. சம்பந்தம் நின்றுபோனால் இவள் முகத்தில் எப்படி விழிப்பேன் — ஆனா பொய்யச் சொல்லி இந்தப் பொண்ண அந்த வூட்டுக்கு எப்பிடி அனுப்பறது?

7-2
சித்தூர் போனேன். பஸ்ஸில் பிளேட்டை மடியிலிருந்து இறக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் பிளேட்டை வாங்கிப் பாட்டுப் பெட்டியில் போட்டார். இரைச்சல். நெடுநேரம் இரைச்சல். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரிட் துணி எட்டாத, பூந்திக்கொட்டைத் தண்ணீர் மட்டும் பட்ட உள்வட்டத்துக்கு முள் வந்ததும் பாட்டின் கடைசி அடி தெளிவாய் எழுந்தது. அப்புறம், அந்தக் கால வழக்கப்படி, பாடினவள் தன் பேரைச் சொன்னாள். "அலர்மேல்மங்கை." சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்ன மாதிரி.
"பேரு சொல்றது இத்தினி வருசமா கேக்கவே இல்ல" என்றார், என்னைப் பார்க்காமல். முள்ளை எடுத்து உள்வட்டத்திலேயே மறுபடி வைத்தார். மறுபடியும்.
போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

15-2
சித்தூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

3-3
மாப்பிள்ளைப் பையன் ஜெயச்சந்திரன் வந்தான். தாம்பூலத்துக்கு நாள் பார்த்தாயிற்றாம். கூடவே அவர்கள் வீட்டுப் பழைய பிளேட்டுகள் ஒரு மூட்டை. அதன்மேல் பூந்திக்கொட்டை ஒரு பொட்டலம்.
"நைனா குடுக்கச் சொன்னாரு ஆயா. ஸ்பிரிட்டு இன்னும் வூட்லயே கீதான்னு பாத்துக்கினு வரச் சொன்னாரு."
"அப்பாவு வூட்டுக்கே போயிடுச்சின்னு சொல்லு" என்றேன்.