தூக்கிய கையின் உயரம்

வெம்பிளி,
லண்டன்.
15.11.1992

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் சுதனும் சுகம். உங்கள் சுகத்துக்காகக் காலையும் மாலையும் விளக்கேற்றுகிறேன். ஆவணிக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. சண்டையால் ஊருக்குப் பாதை மூடியிருக்கிறது, கப்பல் ஓடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் நீங்கள் கோபப்படப்போகும் செய்தி. உங்கள் மகன் ஸ்கீ பழக்கும் மாஸ்டராக வரப்போகிறானாம். காலில் இரண்டு நீளப் பலகைகளைப் பூட்டிக்கொண்டு பனிமலையில் சறுக்கி இறங்குவதுதான் ஸ்கீ. இங்கே மலையும் இல்லை, பனியும் ஒழுங்காக இல்லை. ஹில்லிங்டனில் ஒரு மேட்டில் கூட்டுகிற தும்புக்கட்டையைத் தும்பு மேலாகக் கவிழ்த்து வைத்ததுபோல் பிளாஸ்டிக் விரித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தால் ஒருநாள் அங்கே கூட்டிப்போனார்கள். அன்று பிடித்த பைத்தியம். சனிக்கிழமைகளில் அங்கேயே சப்பாத்து எடுத்துக் கொடுக்கும் வேலை செய்து, சறுக்கிப் பழகி, இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறான். தையில் பிரான்சுக்குப் போகிறான். அங்கே கொடிக்கம்பங்களுக்கு இடையில் வளைந்து வளைந்து வேகமாக இறங்கும் சோதனை ஒன்று இருக்கிறது. ஸ்லாலம் என்கிறார்கள். அதில் தேறினால்தான் மாஸ்டர் வேலை. வாடகைப் பலகையோடு போனால் தேற ஏலாது, சொந்தமாக வேண்டும் என்று நின்றான்.

எங்களைத் தன் வீட்டில் வைத்திருக்கும் கணேசலிங்கம் அண்ணையை உங்களுக்குத் தெரியும்தானே. ஆனைக்கே அடி சறுக்குமாம், இவன் சறுக்கிறதையே தொழிலாக்கப் போறான், தகப்பன் வந்து கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது என்று மூன்று மாதமாக என்னைத் தின்றார்.  சுதன் என்னிடம் மட்டும், அப்பா சம்மதிச்சு ஓம் எண்டால் காணும், வேறொண்டும் வேண்டாம் என்றான்.

போன கிழமை பஸ்தியாம்பிள்ளை வந்திருந்தார், உங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்தவர். எப்படியோ கொழும்புக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறார். மெலிந்துபோனார். உங்களைக் கண்டு எவ்வளவு நாள் என்று கேட்டேன். தேத்தண்ணி ஆறும்வரை கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊரில் மண்ணெண்ணெய் என்ன விலை என்று சொன்னார். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. போகும்போது வாசலில் அண்ணையின் கையைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார்.

அன்றிலிருந்து அண்ணை ஸ்கீயைப் பற்றி ஒரு குறையும் சொல்வதில்லை. நேற்றுத் தன் கடையைப் பூட்டிவிட்டுத் தானே காரில் எங்களைக் கென்சிங்டனுக்குப் பலகை வாங்கக் கூட்டிப்போனார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பொறுமையாக எல்லாம் காட்டினாள். ஒரு சோடி, நடுவில் அழுத்தினால் வளைந்து கொடுத்தது. அது பிழை விட்டாலும் மன்னிக்குமாம், ஆனால் உறைந்த பனியில் பிடி விட்டுவிடுமாம். மற்றச் சோடி ஒடுக்கம், நல்ல விறைப்பு, ஓரத்து இரும்பு கத்திபோல் இருந்தது. பிழையை மன்னிக்காது, ஆனால் பிடித்த பிடி விடாது, ஸ்லாலத்துக்கு இதுதான் என்றாள். எனக்கு உங்கள் நினைவு வந்தது. ஊருக்கெல்லாம் மயக்க மருந்து கொடுக்க நீங்கள் ஒருவர்தான் என்று பிடித்த பிடியில் நிற்கிறீர்களே. விறைத்ததையே எடுக்கச் சொன்னேன்.

பிறகு அளவு. சுதனை நிமிர்ந்து நின்று கையைத் தூக்கச் சொல்லி, பலகையைப் பக்கத்தில் நிறுத்தினாள். நுனி மணிக்கட்டில் முட்ட வேண்டுமாம். சரியாக முட்டியது. நான் விடவில்லை. வளர்ற பிள்ளை, ஒரு அளவு கூடவாகத் தாருங்கள் என்றேன். சட்டை, சப்பாத்து எல்லாம் அப்படித்தானே வாங்கினோம். அவள் விளங்காமல் பார்த்தாள். சுதன் என் காதுக்குள், அம்மா நான் இனி வளரமாட்டன், வளர்ந்து முடிஞ்சுது என்றான்.

அத்தான், பஸ் நிலையத்தில் நீங்கள் எங்களை ஏற்றிவிட்டபோது அவன் உங்கள் தோளுக்குக் கீழே நின்றான். ஆஸ்பத்திரிக்கு மாற்றாள் வந்த உடனே வாறன் என்றீர்கள். ஐந்து வருடமாக அவன் அதே பதினான்கு வயதில் நிற்பதாகத்தான் நான் கணக்கு வைத்திருந்தேன். நீங்கள் வந்து பார்க்க வேண்டிய வளர்த்தி அல்லவா? அது உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. கடைக்கு நடுவில் நின்று அழுதேன். நான் விலையைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்து அந்தப் பெண் பத்து வீதம் குறைத்தாள்.

இந்தக் கடிதத்துக்குள் ஒரு மட்டையில் வெள்ளை நூல் சுற்றி வைத்திருக்கிறேன். ஊருக்குள் கொண்டுபோகப் பற்றரிக்கும் சவர்க்காரத்துக்கும் அரசாங்கத் தடையாம், நூலுக்குத் தடையில்லை என்று விசாரித்துத்தான் வைத்தேன். பலகையின் நீளத்துக்குச் சரியாக வெட்டிய நூல். ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு மறு நுனியைச் சுவரில் நேராகப் பிடியுங்கள். அந்த இடத்தில் இருப்பது உங்கள் மகன் தூக்கிய கையின் மணிக்கட்டு. பக்கத்தில் நின்று உங்கள் கையையும் தூக்கிப் பாருங்கள். அவன் உங்களை மிஞ்சிவிட்டான் என்று நான் சொல்கிறேன். அண்ணை இல்லை என்கிறார். நீங்கள்தான் தீர்த்து வைக்க வேண்டும். நூலை வெட்டும்போது சரிபார்க்க ஒருமுறை நிற்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான், முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவனுக்கு ஓம் என்று ஒரு சொல் எழுதுங்கள். அதுவும் ஏலாவிட்டால் அந்த நூலையாவது திருப்பி அனுப்புங்கள். எழுத்து ஒன்றும் வேண்டாம். உங்கள் கை எட்டிய இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு அனுப்பினால் எனக்குப் போதும்.

உங்கள் கைமுடிச்சுக்காகக் காத்திருக்கும்,
கௌரி