மேகத்துக்குள் உன் முகம்

மச்சான், இன்று காலை மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் மைதாப் பசை காயாத ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். யாரோ ஒரு பெரியவர், நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் மாலை. அவருக்குப் பின்னால் மேகத்துக்குள் மங்கலாக நீ சிரித்துக்கொண்டிருந்தாய். பசை வாடை மூக்கில் ஏற, வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன்.

கேளம்பாக்கத்தில் என் பிளக்ஸ் கடையின் பின்னறையில் உட்கார்ந்து நீ செய்த டிசைன்தான் அது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு என்று எல்லாவற்றுக்கும் செய்வாய். பிளக்ஸ் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நான் லிங்க் போடுவேன். அதைத் தொட்டுப் பணம் கட்டினால் பைல் தானாக இறங்கும். பெயரையும் படத்தையும் மாற்றி அச்சடிப்பது அவர்கள் பாடு. "நாம இல்லன்னாலும் கடை ஓடிக்கினே இருக்கும் மச்சான்" என்று பீற்றிக்கொள்வாய். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் நீ.

கண்ணீர் அஞ்சலிக்கு மாதிரிப் படம் வேண்டியிருந்தது. உயிரோடிருக்கிறவன் எவன் தருவான்? உன் படத்தையே போட்டாய். முன்னால் மாலையோடு ஒன்று, பின்னால் மேகத்தில் பெரிதாக ஒன்று. சாப்பாடு கொண்டுவந்த உன் அம்மா திரையைப் பார்த்ததும் கேரியரைத் தரையில் வைத்துவிட்டார்.

"எடுறா அத்த. உசுரோட கீறவனுக்கு எவனாச்சும் மாலை போடுவானா?"

"உம்புள்ள மூஞ்சி ராசியான மூஞ்சிம்மா. இதான் நல்லா ஓடுது."

நானும் கூடச் சிரித்தேன்.

அப்புறம் காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. உனக்குப் போஸ்டர் அடிக்க அந்தப் பைலைத் திறந்தேன். எனக்கு வேலையே இல்லை மச்சான். படம் ஏற்கெனவே அங்கே இருந்தது. பெயரை மட்டும் தட்டினேன். கடையில் ஆள் இருந்ததையும் மறந்து ஓவென்று அழுதேன்.

லிங்க் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிணத்தை வீட்டில் போட்டுவிட்டு அவசரத்தில் வருகிறவர்களுக்காகக் கடைக்காரர்கள் முன்படத்தை மட்டும் மாற்றுகிறார்கள். மேகத்தை யார் பார்க்கிறார்கள்? அணுபுரம் போகும் வழியெல்லாம் எவர் எவர் சாவிலோ நீ நிற்கிறாய். ஒருமுறை உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தார்.

"யாரு செத்தாலும் எம்புள்ளயும் கூட சாவறான் நைனா. அவன அதுலேந்து எடுத்துடு."

விற்றுப்போன பைல்களை என்ன செய்ய முடியும்? இனி விற்பதிலாவது நீ இருக்க வேண்டாம் என்று உன்னை எடுத்தேன். முகமில்லாத வெறும் நிழலை வைத்தால் ஒருவரும் சீண்டவில்லை. லிங்க்கை மூடவும் வழியில்லை, அதில் வருவதில்தான் அம்மாவின் அடுப்பு எரிந்தது. என்ன ஆகிவிடும் என்று என் படத்தைப் போட்டேன். அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"ஒருத்தன குடுத்தது பத்தலயா? எடு நைனா."

மறுநாள் திரும்ப வந்தார். பெட்டியில் மடித்து வைத்திருந்த புடவை, தலையில் மல்லிகை. உன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன ஒரு போட்டோ புடி. எனக்கு இன்னா, போவ வேண்டிய கட்ட."

பிடித்தேன். உன்னைப் போலவே சிரித்தார். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை, உனக்கே தெரியும். காய்ச்சலில் போனாய், படத்தால் போகவில்லை. ஆனாலும் அந்த முகத்துக்கு மாலையை இழுத்து வைக்கப் போனபோது கை வரவில்லை. லிங்க்கை மூடிவிட்டேன். அம்மாவுக்கு மாதாமாதம் என் கையிலிருந்து போகிறது; விற்ற பணம் என்று சொல்லியிருக்கிறேன்.

"வித்துதா நைனா?"

"வித்துதும்மா."

"போட்டோல நல்லா கீறனா?"

"நல்லா கீறம்மா."

திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். சாவைப் பிள்ளையிடமிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்ட நிம்மதி அந்த நடையில் தெரியும்.

அந்தப் படம் என் போனில்தான் கிடக்கிறது. மாலை இல்லாமல், மேகம் இல்லாமல். எத்தனையோ தடவை அழிக்கப் போயிருக்கிறேன். 'நிச்சயமாக நீக்கவா?' என்று போன் கேட்கிறது. வேண்டாம் என்று அமுக்கிவிட்டு, அம்மாவுக்குப் போன் போட்டு, குரலைக் கேட்ட பிறகுதான் கடையைத் திறக்கிறேன்.